செம்பு எந்த வீட்டில் ஒட்டும்?

பிளஸ் டூ படிக்கும்போது எங்களுக்குக் கெமிஸ்ட்ரி நேராக வந்து சேரவில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. டீச்சர் அதை மலையாளத்தில் நடத்துவார், அதுவும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி. மத்தியானம் சாப்பாட்டு வேளையில் நாங்கள் மூன்று பேர் லேப் வராந்தாவின் கடைசியில் உட்கார்ந்து அதைத் தமிழில் பேசிப் பார்ப்போம். அப்போதுதான் அது மண்டையில் ஏறும். ஏறாத நாட்களும் நிறைய உண்டு.

மூன்று பேரும் தமிழ் பேசுகிறவர்கள் என்றாலும் எங்கள் தமிழ் ஒன்றுக்கொன்று ஒட்டாது. நான் ஆரியசாலை, பட்டணத்துக் கடைத்தெரு. அப்பாவுக்கு மல்லி, மிளகாய் மொத்தக்கடை, கடைக்கு மேலேயே வீடு. நான் பையைத் திறந்தால் முன் பெஞ்சில் யாராவது ஒருத்தி தும்முவாள். இரண்டாமவள் வலியசாலை அக்ரஹாரத்துப் பெண். வகுப்பில் முதல் மார்க் அவளுக்குத்தான், அது அவளுக்கும் நன்றாகத் தெரியும். மூன்றாமவள் பொன்முடி எஸ்டேட் லயத்திலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து வந்தவள். பத்தாவது வரை மலைக்குக் கீழே மலையாள மீடியத்தில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னுக்கு எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த சித்தி வீட்டில் வந்து தங்கினாள். பெயர்கள் வேண்டாம். அப்போதே நாங்கள் ஒருத்தியை ஒருத்தி வலியசாலைக்காரி, மலைக்காரி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். என்னை மிளகாய் என்பார்கள். கடையை வைத்து வந்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்வேன். என் வாயை வைத்து வந்தது என்பார்கள் அவர்கள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பாடம் யாருக்குப் புரிகிறதோ அவள் அதை வீட்டுச் சமாச்சாரமாக மாற்றிச் சொல்ல வேண்டும். சமையல், சண்டை, விருந்தாளி, எதுவாகவும் இருக்கலாம். கேட்டவள் அதைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாமல் யாரும் டிபன் பாக்ஸை மூடக்கூடாது. மலைக்காரிக்காகத்தான் இதை ஆரம்பித்தோம். அவள் மனப்பாடம் செய்வதில் கெட்டிக்காரி, ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் திகைத்து நிற்பாள். பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரியில் அவளுக்கு மார்க் படுமோசம். மார்க்கைக் கூட்ட இம்ப்ரூவ்மென்ட் பரீட்சை எழுதியும் பெரிதாக ஏறவில்லை.

அவளுக்கு நர்சிங் படிக்க வேண்டும். வேறு எதையும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அவளுடைய அம்மா முழங்கால் போய், தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாமல் வேலையிலிருந்து நின்றுவிட்டார். அந்த இடம் காலியாக இருந்தது, வீட்டில் ஒருத்திக்கு அதைக் கொடுப்பார்களாம். அக்கா ஏற்கனவே எஸ்டேட்டில்தான் இருந்தாள். ரிசல்ட் வரும் வரை பொறுத்திருக்கிறேன், நர்சிங்குக்கு மார்க் வந்தால் போ, வராவிட்டால் அம்மாவுடைய இடத்தில் பெயரைக் கொடுத்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவரால் அவ்வளவுதான் பொறுக்க முடியும். மலைக்காரி இதை எங்களிடம் சொன்னபோது தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அம்மாவின் விரல்களில் கறை ஏறி வெடித்திருக்கும், குளிர்காலத்தில் சோறு பிசைந்தால் எரியும் என்றாள். கூடை என்ற சொல் வந்தாலே அவள் முகம் சுருங்கிப் போகும். எனக்கு அப்போதெல்லாம் அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். ஆனால் நான் செய்ததெல்லாம், சாப்பிடு, மணி அடிக்கப் போகிறது என்று அதட்டியதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் மலைக்குப் போவாள், திங்கட்கிழமை காலை நேராகப் பள்ளிக்கு வந்து இறங்குவாள். பஸ்ஸில் போகும்போது படித்துக்கொண்டே போய், சந்தேகங்களை வாய்ஸ் மெசேஜாக எனக்கு அனுப்புவாள். வலியசாலைக்காரிக்குத் தனியாகப் போன் கிடையாது, அவள் அம்மாவுடையதுதான். அதனால் எல்லாம் என் போனுக்கு வரும், நான் அவளிடம் கேட்டுப் பதில் அனுப்புவேன். மலைப்பாதையில் ஒரு கொண்டைஊசி வளைவு இருக்கிறது. அதைத் தாண்டினால் அவள் போனில் சிக்னல் செத்துவிடும். "இந்தா வளைவு வந்தாச்சு" என்று ஒரு மெசேஜ் வரும். அதற்குப் பிறகு நாங்கள் என்ன அனுப்பினாலும் திங்கட்கிழமை பஸ் அதே வளைவில் இறங்கும்போதுதான் அவளுக்குக் கிடைக்கும். அங்கிருந்து பட்டணம் வரும் வரை காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வருவாள். சிலர் டியூஷனுக்குப் போவார்கள், இவளுக்கு அந்த பஸ்தான் டியூஷன்.

மின்வேதியியல் பாடம் வந்தபோது நாங்கள் மூன்று பேருமே முழித்தோம். ஆனோடு, காத்தோடு, எலக்ட்ரான் எங்கிருந்து கிளம்புகிறது, எங்கே போகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு நாள் கழித்து வலியசாலைக்காரி முகம் மலர வந்தாள். அப்போதுதான் அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது, வீடு முழுக்கச் சீர்வரிசைப் பேச்சு. அவள் கெமிஸ்ட்ரியையும் கல்யாணமாக்கிவிட்டாள்.

"எலக்ட்ரான்தான் பொண்ணு. ஆனோடு பொண்ணைக் குடுக்கற வீடு. காத்தோடு பொண்ணெடுக்கற வீடு. குடுக்கறவாளுக்கு எப்பவும் மைனஸ்தான், இல்லையோ?" என்றாள்.

நாங்கள் வராந்தாவில் விழுந்து விழுந்து சிரித்தோம். கச்சிதமாகப் பொருந்தியது. துத்தநாகத் தகடு கொடுத்துக் கொடுத்து இளைத்துப் போகும். எதிரே இருக்கும் செம்புத் தகடு வாங்கி வாங்கித் தடித்துப் போகும். கரைசலில் மிதக்கும் செம்பு அயனிதான் மாப்பிள்ளை, பெண் வந்து சேர்ந்த வீட்டிலேயே செம்பாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மலைக்காரி ஒரே மூச்சில் திருப்பிச் சொன்னாள், அதுவும் மாமியார் வீட்டுக்காரி குரலில். எனக்குத் தெரிந்து ஒரு கெமிஸ்ட்ரி பாடத்தை அவள் பயமில்லாமல் சொன்னது அதுதான் முதல்முறை. டிபன் பாக்ஸை மூடும்போது, மனசிலாயி, இனி மறக்காது என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தில் எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் மைனஸ் எது என்று பார்த்து, அதைக் கொடுக்கும் வீடு என்று எழுதிவிடுவோம். மூன்று பேருமே அப்படித்தான் செய்தோம்.

கெமிஸ்ட்ரி பரீட்சை ஒரு திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தைய சனி, ஞாயிறு எஸ்டேட் அம்மன் கோவிலில் கொடைத் திருவிழா. ஒரு ராத்திரியாவது வந்து தலையைக் காட்டு என்று அப்பா சொன்னதால் மலைக்காரி வழக்கம்போல வெள்ளிக்கிழமையே ஏறினாள். வளைவுக்கு முன்னால் வந்த கடைசி மெசேஜில், கல்யாணப் பாடம் பச்சைத் தண்ணீர் மாதிரி சரளமாக வருகிறது, அதில் ஒரு மார்க்கைக்கூட விடமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை காலை நான் மாடியில் உட்கார்ந்து பழைய கேள்வித்தாள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். துருசு, அதாவது காப்பர் சல்பேட் கரைசலில் இரண்டு தகடுகளை இறக்கி பாட்டரியோடு இணைத்தால் செம்பு எந்தத் தகட்டில் படியும் என்று ஒரு கேள்வி. மைனஸ் கொடுக்கும் வீடு, பிளஸ் எடுக்கும் வீடு, ஆகவே பிளஸ்ஸில் படியும் என்று யோசிக்காமல் எழுதினேன். விடையைப் பார்த்தால் மைனஸ்ஸில் படியும் என்று போட்டிருந்தது. புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பாட்டரி வைத்து மின்சாரத்தை உள்ளே செலுத்தும்போது நிலைமை தலைகீழ். கொடுக்கும் வீட்டுக்குப் பிளஸ், எடுக்கும் வீட்டுக்கு மைனஸ். எங்கள் கல்யாணக் கதை பாதிப் பாடத்துக்குத்தான் பொருந்தும், மீதிப் பாதியில் ஆளைக் குழியில் தள்ளும்.

உடனே வலியசாலைக்குப் போன் போட்டேன். அவள் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அச்சுப்பிழையாக இருக்கும் என்றாள். கேள்வித்தாளிலும் புத்தகத்திலும் ஒரே அச்சுப்பிழையா என்று கேட்டேன். நான் கேட்ட விதமும் நன்றாக இல்லை என்பது உண்மை. போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். அதற்குள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருந்தாள்.

"பொண்ணு குடுக்கறவாளுக்கு மைனஸ்ங்கற பேச்சே தப்புடி. யார் குடுக்கறா, யார் வாங்கிக்கறான்னு மட்டும் சொல்லியிருக்கணும். அவ இதை வச்சுண்டு எழுதினா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வருஷா வருஷம் அந்தப் பாடத்திலிருந்து பெரிய கேள்வி வரும். எங்களுக்கு நாலைந்து மார்க் போனால் வீட்டில் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அதோடு சரி. அவளுக்கு அந்த நாலைந்து மார்க்தான் நர்சிங்குக்கும் கூடைக்கும் நடுவில் நின்றது. போன் போகாது. திங்கட்கிழமை வளைவில் இறங்கும்போது மெசேஜ் கிடைக்கும், ஆனால் பரீட்சைக்கு முன்னால் கடைசி நேரத்தில் காதில் விழுந்தால் அவள் குழம்பிப் போவாள். பழையதையும் விட்டு, புதியதையும் பிடிக்காமல் நிற்பாள். இன்றைக்கே தெரிந்தால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மாற்றிப் படிக்கலாம்.

லயத்து ஆட்களுக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால் மலைக்குப் போகும் பஸ்ஸில்தான் கொடுத்துவிடுவார்கள் என்று மலைக்காரி முன்பு சொல்லியிருந்தாள். மாத்திரை, கண்ணாடி, ஆதார் நகல், எல்லாம் அப்படித்தான் போகும். கண்டக்டர் லயத்துக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் கொடுப்பார், டீக்கடைக்காரர் ஆள் வரும்போது கொடுப்பார். ஆகவே நாங்கள் இரண்டு பேரும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம்.

பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தில் எழுத ஆரம்பித்தபோது மறுபடியும் தகராறு. வலியசாலைக்காரி முதலிலிருந்து முறையாக, சமன்பாடு எல்லாம் போட்டு எழுதப் பார்த்தாள். அதைப் படித்தால் எனக்கே காய்ச்சல் வரும் என்று பிடுங்கிக்கொண்டேன். கல்யாணத்தில் கட்டிய முடிச்சைக் கல்யாணத்தில்தான் அவிழ்க்க வேண்டும் என்றேன். கடைசியில் நான் சொல்ல, அவள் எழுதினாள். மைனஸ் பிளஸ் பார்க்காதே, யார் கொடுக்கிறார் என்று மட்டும் பார். பாட்டரி என்றால் தரகர் வந்துவிட்டார் என்று அர்த்தம். தரகர் வந்தால் பெண் மைனஸ் வீட்டுக்குத்தான் போவாள். செம்பு அங்கேதான் ஒட்டும். முதலில் சொன்னது தப்பு, மன்னித்துக்கொள். அந்தக் கடைசி வரியை நான் சொல்லவில்லை, அவளே எழுதினாள்.

கண்டக்டர் அந்த வழியில் நெடுநாள் ஓடுகிறவர். லயத்து ஆட்களோடு பழகித் தமிழ் கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படிப்பார் போல. கவரில் போடாமல் மடித்துக் கொடுத்தது எங்கள் தப்பு. பிரித்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். தரகர் வந்த இடத்தில் நிறுத்தி எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"மோளே, ஈ கல்யாணம் வேணோ?" என்றார்.

கல்யாணம் இல்லை, கெமிஸ்ட்ரி, திங்கட்கிழமை பரீட்சை என்று வலியசாலைக்காரி சுத்தமான மலையாளத்தில் விளக்கினாள். அவருக்கு நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் காகிதத்தைப் பைக்குள் பத்திரமாக வைத்தார். பஸ் கிளம்பிப் போன பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். திரும்பும் வழியில் நான் அவளுக்கு ஒரு நாரங்கா சோடா, அதாவது எலுமிச்சை சோடா, வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடமே கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் படிப்பே ஓடவில்லை. காகிதம் கிடைத்ததா இல்லையா என்று தெரிய வழியில்லை. திங்கட்கிழமை பரீட்சைக்குப் போன் கொண்டுபோக முடியாது என்பதால் வீட்டிலேயே வைத்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பினேன். பள்ளி வாசலில் வலியசாலைக்காரி எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். நெற்றியில் சந்தனம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. மலை பஸ் வரவில்லை. பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள். வாட்ச்மேன் எங்களை விரட்டினார். ஹாலுக்குப் போகும் படியில் நாங்கள் கால் வைத்த பிறகுதான் மலைக்காரி கேட்டுக்குள் ஓடி வந்தாள். பேச நேரமில்லை, அவளுக்கு வேறு ஹால். ஓடிக்கொண்டே கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். கையில் எங்கள் காகிதம், அதே மடிப்போடு இருந்தது. வலியசாலைக்காரி என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டாள். எனக்கும் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

எங்கள் பரீட்சையில் எழுதுவதற்கு முன்னால் கேள்விகளை வாசிக்க மட்டும் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். கூல் ஆஃப் டைம் என்று பெயர், மற்ற நேரத்தைவிட அதில்தான் அதிகம் வேர்க்கும். கேள்வித்தாளில் கண்ணை ஓட்டினேன். துருசுக் கரைசல், பாட்டரி, இரண்டு தகடுகள், செம்பு எங்கே, ஏன். எனக்குச் சிரிப்பு வந்தது. சூப்பர்வைசர் முறைத்தார்.

பரீட்சை முடிந்து மூன்று பேரும் வாகை மரத்தடியில் சந்தித்தோம். மலைக்காரியின் கண் சிவந்திருந்தது, கொடையில் தூங்கியிருக்க மாட்டாள். வலியசாலைக்காரி மற்ற எதையும் விசாரிக்காமல், காகிதம் எப்போது கிடைத்தது என்றுதான் கேட்டாள். டீக்கடை கொடைக்காக மூடியிருந்ததாம். கண்டக்டர் காகிதத்தைத் திரும்ப எடுத்துப்போய், காலையில் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க வந்தபோது அவள் கையில் கொடுத்தாராம். அதாவது பரீட்சைக்கு வரும் வழியில்தான். வலியசாலைக்காரியின் முகம் போன போக்கைப் பார்த்து மலைக்காரி அவள் கையைப் பிடித்தாள்.

"நல்ல நேரத்துக்குக் கிட்டிச்சுடீ. அது இல்லேன்னா நான் போயிருப்பேன்" என்றாள்.

ரிசல்ட்டைச் சொல்லிவிடுகிறேன். கெமிஸ்ட்ரியில் மலைக்காரிக்கு என்னைவிட மார்க் அதிகம். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் லேசாக எரிகிறது. நர்சிங்குக்கு இடம் கிடைத்தது. அப்பா சொன்ன சொல் மாறவில்லை. அம்மாவுடைய இடம் லயத்தில் வேறு ஒரு வீட்டுக்குப் போயிற்று. இப்போது அவள் ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள், கைகள் சானிட்டைசரில் வெடிக்கின்றன என்று குறை சொல்கிறாள். வலியசாலைக்காரி ஆராய்ச்சிக்குப் போய்விட்டாள். நான் கெமிஸ்ட்ரியைக் கும்பிட்டுவிட்டு பி.காம். சேர்ந்தேன்.

அந்தக் காகிதம்தான் மலைக்காரியைக் காப்பாற்றியது என்று வலியசாலைக்காரி இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். மலைக்காரி அவளிடம் வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

பரீட்சை அன்று வீட்டுக்கு வந்து, சமையலறையில் சார்ஜில் கிடந்த போனை எடுத்தேன். மலைக்காரியிடமிருந்து வாய்ஸ் மெசேஜுகள் வரிசையாக வந்து கிடந்தன. எல்லாம் காலையில், அந்த வளைவில் பஸ் இறங்கியபோது மொத்தமாக விழுந்தவை. முதல் மெசேஜை அவள் சனிக்கிழமை பேசிவைத்திருந்தாள், பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது. அக்காவுக்குக் கல்யாணக் கதையைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அப்போது சித்தியோடு சாலைக் கடைத்தெருவில் முலாம் பூசும் கடைக்குப் போனது ஞாபகம் வந்ததாம். கடைக்காரர் சங்கிலியைக் கறுப்பு வயரில்தான் மாட்டினார், கறுப்பு மைனஸ் அல்லவா, அப்படியென்றால் முலாம் மைனஸ்ஸில்தானே ஒட்டுகிறது என்று யோசித்து, புத்தகத்தை எடுத்துப் படித்து, எல்லாவற்றையும் மாற்றி எழுதிப் பார்த்துவிட்டாள். நாங்கள் தம்பானூரில் பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரமாகக்கூட அது இருக்கலாம்.

அடுத்த மெசேஜில், ஞாயிற்றுக்கிழமை வளைவு வரை நடந்து வந்ததாகவும், மூடுபனியில் அங்கேயும் சிக்னல் இல்லை என்றும் சொன்னாள். அவள் குரலில் இருந்த பயம் அவளுக்கானது இல்லை. நீங்கள் இரண்டு பேரும் தப்பாகவே எழுதிவிடுவீர்கள், யாராவது சொல்லுங்கள் என்று புலம்பினாள். கடைசி மெசேஜ் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பேசியது, கண்டக்டர் காகிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால். இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.

"எடீ, போனை எடு. செம்பு மைனஸ்லயாக்கும். அவகிட்டயும் சொல்லு. எனக்குக் கிட்டலேன்னா அம்மாட எடமாவது உண்டு. உங்க ரெண்டு பேருக்கும் அதுகூட இல்லையே."

நான் சார்ஜர் வயரைக் கையில் பிடித்தபடி நின்று அழுதேன். அம்மா உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டு, கெமிஸ்ட்ரி கஷ்டமா என்று கேட்டாள். இல்லை, ஈசி என்றேன்.